கிரேன்காரரின் சாப்பாட்டுப் பை

அவருக்கு ஆகாசம் என்று பெயர் வைத்தது யார் என்று அந்தக் கட்டட வேலைத்தளத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஏணியில் ஏறினார் என்றால், பொழுது சாயும்போதுதான் மறுபடி மண்ணை மிதிப்பார். கீழே நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்கிற சிக்னல்காரனுக்கு, ஆகாசத்துக்கு ஜோடியாக, தரை என்று பெயர் விழுந்துவிட்டது. அவனும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

மேலே இருந்தது குளியலறை அளவு ஒரு கண்ணாடிக் கூண்டு. நடுவில் இருக்கை, இரண்டு பக்கமும் கைப்பிடிகள், தலைக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறி, காலடியில் ஒரு கெட்டில், மூலையில் அவசரத்துக்கு ஒரு பெரிய பாட்டில். அந்தப் பாட்டிலுக்குப் பயந்துதான் ஆகாசம் தண்ணீரே அளந்து குடிப்பார்.

"அண்ணே, கீழே தூறல் போடுற மாதிரி இருக்கே" என்பான் தரை.

"என் பாட்டில் மூடி இறுக்கமாத்தான்டா இருக்கு. நீ வேலையைப் பாரு."

இப்படிப் பேசிக்கொண்டேதான் இருவரும் பல கட்டடங்களை எழுப்பினார்கள். கம்பிக் கட்டோ, கான்கிரீட் வாளியோ, எதைத் தூக்கினாலும் இறக்குகிற இடம் பாதி நேரம் அவர் கண்ணுக்குத் தெரியாது. தரையின் குரல்தான் காட்டும். "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், நிறுத்து, இறக்கு." அந்தக் குரலை நம்பி, ஆள் தலைமேல் போகிற பாரத்தை அவர் பூப்போல இறக்கி வைப்பார். அதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை.

சாப்பாடுதான் தொல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனாலும் கொக்கி நிற்காது. கலவை இறுகிவிடும், லாரி காத்திருக்கும், மேஸ்திரி கத்துவார். ஒரு வாய் சோற்றுக்காக அத்தனை படியும் இறங்கி ஏற யாருக்கு மனசு வரும்? ஆரம்பத்தில் மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவைக் கொண்டு போனார். ஆறிப்போன சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு கெட்டில் வந்தது. கெட்டிலோடு கப் நூடுல்ஸ் வந்தது. வெந்நீரை ஊற்றி மூடிவைத்தால் ஒரு வாளி கான்கிரீட்டை இறக்குவதற்குள் சாப்பாடு தயார். சுடச்சுட, காரசாரமாக, அடியில் இருக்கிற சாறு வரை உறிஞ்சிக் குடிக்கலாம். பிற்பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது ஒரு பாக்கெட் சிப்ஸ். பல வருஷமாக அவர் வயிறு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் பேருக்குச் சாப்பிடுவார்.

"என்னங்க, குருவி கொத்துற மாதிரி கொத்துறீங்க?" என்று மனைவி கேட்பாள். அவள் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் நாள் முழுக்க மிஷினை மிதித்துவிட்டு வந்து சமைக்கிறவள். மிச்சம் விழுந்தால் அவளுக்கு மனசு சுருங்கும்.

"மேலே உட்கார்ந்தே இருக்கேன்ல. பசிக்க மாட்டேங்குது" என்பார் அவர்.

அந்த வருஷத்து உடல் பரிசோதனை, தளத்து ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையில் நடந்தது. வழக்கமாக வருகிற டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மறுபடி காற்றடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நூற்றறுபதுக்கு நூறு இருக்கு. தலைவலி வருமா?"

"எப்பவாவது வரும் சார்" என்றார் ஆகாசம். அது பொய். தினமும் வந்தது. பின்மண்டையில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி வந்தது.

"உங்களை மேலே அனுப்ப எனக்கே யோசனையா இருக்கு. ஒரு மாத்திரை எழுதறேன், விடாம போடுங்க. சாப்பாட்டுல உப்பைக் குறைங்க, நல்லாவே குறைங்க. அடுத்த மாசம் வாங்க. இறங்கலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. கீழே ஏதாவது வேலை பார்த்துக்க வேண்டியதுதான்."

கீழே ஏதாவது வேலை. அந்த வார்த்தை அவர் காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள். வேறு ஒரு தொழிலும் தெரியாது. கீழே இறங்கிவிட்டால் தான் யார் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. ஆகாசம் என்கிற பெயர்கூடக் கேலியாகிவிடும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி விஷயத்தைக் கேட்டதும் அலட்டிக்கொள்ளவில்லை. எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து, பரணில் ஏற்றினாள். ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

"குறைக்கத்தானே சொன்னாரு?" என்றார் ஆகாசம்.

"குறைச்சு வையின்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அடியோட நிறுத்திட்டா சந்தேகம் இல்ல பாருங்க."

பள்ளிக் கடைசி வருஷம் படிக்கிற மகளும் அதையேதான் சாப்பிட வேண்டியிருந்தது. முதல் நாள் அந்தப் பெண் வாயில் வைத்துவிட்டு, "அம்மா, நாக்கே செத்துப்போச்சு" என்றாள். "எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டாத்தான் அப்பாவுக்கு இறங்கும்" என்றாள் தாய். பெண் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுபடி டப்பா சாப்பாடு மேலே போக ஆரம்பித்தது. மனைவி அவ்வளவு பாடுபட்டுச் செய்வதைக் கொண்டுபோகாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்து திறந்தால், ஆறிப்போய், உப்புச் சப்பில்லாமல், மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மூன்றாவது நாள் கப் நூடுல்ஸின் சுவைப்பொடிப் பாக்கெட்டைப் பிரித்துச் சோற்றின்மேல் தூவினார். வாய் உயிர் பெற்றது. கப்பும் சிப்ஸும்கூட மெல்லத் திரும்பி வந்தன. பொடி கறுப்பும் சிவப்புமாக இருந்தது, மிளகாய் வாசம் அடித்தது. உப்பு என்றால் வெள்ளையாக அல்லவா இருக்கும்? இது மசாலா. டாக்டர் மசாலாவை நிறுத்தச் சொல்லவில்லையே. அவர் மனசு இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. தெரிந்தே ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. தெரியாமல் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

தலைவலிக்கு வேறு வழி கண்டுபிடித்தார். மருந்துக்கடையில் குழாய் டப்பாவில் விற்கிற பெரிய மாத்திரை. தண்ணீரில் போட்டால் உஸ்ஸென்று நுரைத்துக் கரையும். குடித்த கொஞ்ச நேரத்தில் மண்டையின் பிடி விடும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, வலி கூடினால் இன்னும் ஒன்று. பரிசோதனை நாள் நெருங்க நெருங்க நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. அதற்கும் நுரைக்கிற பொடி ஒன்று இருந்தது. கூண்டின் மூலையில் காலிக் குழாய்கள் சேர்ந்தன.

டாக்டர் எழுதிய மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. அதனால் இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு சாயங்காலம் மருந்துக்கடையில் கையை நீட்டி அளந்து பார்த்தார். மிஷின் நூற்றெழுபத்தெட்டு காட்டியது.

"மறுபடி பாருங்க" என்றார்.

கடைக்காரர் மறுபடி பார்த்தார். அது இன்னும் இரண்டு கூடுதலாகக் காட்டியது.

உப்பை நிறுத்தியாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, பின் ஏன் ஏறுகிறது? வழியெல்லாம் யோசித்தபடி வந்தார். யோசனை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் போய் நின்றது. சமைக்கிறவள் ஒருத்திதானே? பெண் சாப்பிடாமல் போகிறாளே என்று இவள் கொஞ்சம் போட்டிருப்பாள். தாய்மனசு அப்படித்தான். யோசிக்கிறபோது சந்தேகமாக இருந்தது, வாசல்படி ஏறும்போது நிச்சயமாகிவிட்டது.

"உண்மையைச் சொல்லு. உப்பு போடுறியா இல்லையா?"

மனைவி நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன கேக்குறீங்க?"

"ஏறிக்கிட்டே போகுது. காத்துலயா ஏறுது? உன் பொண்ணு முகம் சுண்டிடக் கூடாதுன்னு ஒளிச்சு ஒளிச்சுப் போட்டிருக்கே. நீதான் உப்பைப் போட்டு என்னைக் கொல்றே."

மகள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். மனைவி ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"பரண்ல ஜாடி இருக்கு. ஏறிப் பாருங்க. நான் வெச்ச அளவுலயே இருக்கும்" என்றாள்.

அவர் ஏறிப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் அவரை அடுப்பங்கரையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சமைத்தாள். கையைக் கழுவுவாள், விரித்துக் காட்டுவாள். காயை வெறும் தண்ணீரில் போடுவாள், "பாருங்க" என்பாள். பருப்பைப் போடுவாள், "பாருங்க" என்பாள். வேறு பேச்சே கிடையாது. அவர் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை, எழுந்து போகவும் கால் வரவில்லை.

மருந்துக்கடைப் பக்கம் போய்வருவது வாடிக்கையாயிற்று. ஒவ்வொரு தடவையும் எண் கொஞ்சம் கூடியிருந்தது. வேறு கடையில் பார்த்தார், அங்கேயும் அப்படித்தான். கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பரிசோதனைக்கு இன்னும் சில நாளே இருந்தபோது அது நடந்தது. முற்பகல் வேளை, நல்ல வெயில். கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கி மேல்தளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே கம்பி கட்டுகிற ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று வலது கண்ணில் யாரோ பழுப்புத் துணியை இழுத்துவிட்டது போல ஆயிற்று. வலி இல்லை. கண்ணைக் கசக்கினார். துணி விலகவில்லை. இடது கண்ணில் எல்லாம் தெரிந்தது, ஆனால் எது கிட்டே, எது தூரம் என்று புரியவில்லை. கம்பிக் கட்டு ஆட்களுக்கு மேலே இருக்கிறதா, அப்பால் இருக்கிறதா? படத்தில் வரைந்தது போல எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன.

கை தானாக நின்றது. கட்டு அந்தரத்தில் மெதுவாக ஆடியது.

"அண்ணே, ஏன் நிக்கிறே? வலது போ" என்றான் தரை.

"தம்பி, எனக்குக் கண்ணு தெரியல."

வாக்கிடாக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தரையின் குரல் வந்தது, வழக்கத்தைவிடத் தாழ்ந்து.

"சரி. கையை எடுக்காதே. வேற எதையும் தொடாதே. ஆளுங்களை விலக்கிட்டுச் சொல்றேன்."

கீழே விசில் ஊதினார்கள். தளத்தில் இருந்தவர்கள் ஓரமாக ஓடுவது எறும்பு நகர்வது போல அவருக்குத் தெரிந்தது. கீழே ஒரு உயிர் போனால் என்ற நினைப்பு ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

"இப்ப இடது. மெதுவா. நான் சொல்ற வரைக்கும். இன்னும். இன்னும். நிறுத்து. ஆட்டம் அடங்கட்டும். இப்ப இறக்கு. நான் இருக்கேன் அண்ணே, இறக்கு."

கம்பிக் கட்டு காலி மண்ணில் போய் உட்கார்ந்த சத்தம் அவருக்கு மேலே வரை கேட்கவில்லை. தரை சொல்லித்தான் தெரியும்.

இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏணியில் காலை வைத்தால் படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தரை, வாழ்நாளில் அந்த ஏணியில் பாதிக்குமேல் ஏறாதவன், உயரம் என்றால் வியர்த்துப்போகிறவன், மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தான்.

"திரும்பு. ஏணியைப் பார்த்து நில்லு. உன் காலை நான் பிடிச்சு வைக்கிறேன்."

ஒவ்வொரு படிக்கும் கீழே நின்று அவர் கணுக்காலைப் பிடித்து, படியில் வைத்து, "இப்ப அடுத்தது" என்றான். மண்ணுக்கு வந்ததும் தரை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

மருத்துவமனையில் அளந்தபோது இருநூற்றிருபதைத் தாண்டியிருந்தது. ஊசி போட்டு, கட்டிலில் படுக்கவைத்து, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். விழித்திரையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மூளைக்குப் போகவேண்டியது கண்ணோடு நின்றது என்றும் ஒருவர் சொன்னார்.

அங்கிருந்த பெண் டாக்டர் மனைவியிடம் கேட்டார். "மாத்திரை போட்டும் இவ்வளவு ஏறியிருக்கே. வீட்டுல உப்பு நிறைய சேர்ப்பீங்களா?"

"எங்க வீட்ல உப்பு ஜாடியையே தொடல டாக்டர். ஒரு மாசமாச்சு."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்கிற களைப்பு இருந்தது. கட்டிலில் கிடந்த புருஷனும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவிக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் நேரே வேலைத்தளத்துக்குப் போனாள். வாசலில் நிறுத்தினார்கள். தரையைக் கூப்பிடச் சொன்னாள்.

"தம்பி, அவரு கூண்டுல என்ன இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. குப்பையைக்கூட விடாதீங்க."

"நானாக்கா?" என்றான் தரை. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணிப் பக்கம் போனான். அவர் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிற சாப்பாட்டுப் பையும், பிதுங்கி வழிகிற ஒரு சாக்கும் கீழே வந்தன.

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போதே அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். சோடியம், சோடியம் என்று எல்லாவற்றிலும் இருந்தது. சோடியம் என்றால் உப்புதானே என்று பள்ளியில் படித்த ஞாபகம். மாத்திரைக் குழாயிலும் அது இருந்ததைப் பார்த்து அவள் "ஐயோ" என்றபோது பக்கத்து இருக்கைக்காரர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மருத்துவமனையில் புருஷனின் கட்டிலின்மேல் எல்லாவற்றையும் கொட்டினாள். காலிக் கப்புகள், கிழித்த பொடிப் பாக்கெட்டுகள், சிப்ஸ் உறைகள், நுரைக்கிற பொடி, மாத்திரைக் குழாய்கள். போர்வையில் இடம் போதாமல் சிலது தரையில் உருண்டன.

டாக்டர் வந்து ஒரு குழாயை எடுத்துப் பார்த்தார். "இது எத்தனை போடுவீங்க?"

"தலைவலிக்குத்தான் டாக்டர். மூணு, நாலு. சில நாள் கூட."

"நுரைக்கிறதுக்காக இதுல சோடியம் சேர்க்கிறாங்க. நாலு போட்டாலே, ஒரு மனுஷன் ஒரு நாள் முழுக்கச் சேர்க்கலாம்னு சொல்ற அளவுல முக்காவாசி முடிஞ்சுடும். அதுக்கு மேல இந்த நூடுல்ஸ், இந்தச் சாறு." அவர் குரல் கடுமையாக இல்லை. "உப்பு உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கும். ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறும். தலை வலிக்கும். வலிக்குதுன்னு இதையே மறுபடி போட்டிருக்கீங்க."

"தண்ணியில கரைஞ்சு போச்சே" என்றார் ஆகாசம். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "எனக்கு உப்புக் கரிக்கவே இல்லையே."

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பி, "நேத்து உங்களை நான் நம்பலைம்மா" என்றார். மனைவி தலையை மட்டும் அசைத்தாள். அவள் கண் புருஷன்மேல் இருந்தது. அவர் ஒரு காலிக் கப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுரைக்கிற சமாசாரம் எல்லாம் நின்றது. புது மாத்திரைகள் வந்தன. அதே வீட்டுச் சாப்பாட்டில் இரண்டொரு வாரத்தில் எண் இறங்க ஆரம்பித்து, பிறகு அடங்கிவிட்டது. அத்தனை நாள் ஏங்கின எண் வந்தபோது அவருக்கு அது எதற்கும் உதவவில்லை. வலது கண்ணில் ஓரத்து வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஒற்றைக் கண்காரரைக் கிரேனில் ஏற்ற எந்தச் சட்டமும் இடம் கொடுக்காது. மேஸ்திரி வீட்டுக்கே வந்து, தயங்கித் தயங்கி, கருவிகள் வைக்கிற அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது என்றார். ஆகாசம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த மாதங்களை மகள்தான் பின்னால் தோழிகளிடம் சொல்வாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கிரேனின் கை தெரியும் என்று திறக்க விடமாட்டார். தண்ணீர் ஊற்றினால் கைதவறிக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவார், பிறகு அதைத் துடைத்துக்கொண்டே அழுவார். சாப்பிடக் கூப்பிட்டால், "எனக்கு எதுக்கு?" என்பார். அம்மா தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். கெஞ்சவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள்.

பரணிலிருந்து ஜாடி இறங்கிவிட்டது. டாக்டர் அளவு சொல்லிக்கொடுத்திருந்தார், மூன்று பேருக்கும் ஒரே அளவு. மகள் சாப்பிட ஆரம்பித்தாள். தரை வாரம் ஒரு தடவை வந்து உட்கார்ந்து, புதிதாக வந்திருக்கிற கிரேன்காரன் பாரத்தை இடித்து இடித்து இறக்குகிறான் என்று குறை சொல்லிவிட்டுப் போனான். அது பொய் என்று ஆகாசத்துக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாளில் மட்டும் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இடது கண்ணைச் சோதிக்கிற நாள் வந்தது. அந்தக் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அழுத்தத்தை இப்படியே வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். மனைவியும் அவரும் வெளியே வந்தார்கள். சாலையோரத்தில் நிழலாக இருந்த இடத்தில் அவர் நின்றார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"

அவள் காத்திருந்தாள். விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"நீதான் உப்பைப் போட்டு என்னைக் கொல்றேன்னு. பொடியைத் தூவித் தூவித் தின்னது நான்."

"ம்" என்றாள் அவள்.

"அந்த முக்காலியில உட்கார வெச்சுச் சமைச்சேனே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எதிரியோட குடும்பம் நடத்துற மாதிரி இருந்துச்சு. இன்னும் அது போகலைங்க. போகும்போது போகட்டும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. வண்டிகள் வலப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. அவள் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்து நின்று, அவர் முழங்கையைப் பிடித்தாள். ஒரு லாரி போகும்வரை பொறுத்தாள். பிறகு, "வாங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் கருவி அறைக்கு வேலைக்குப் போனார்.